குசினிச் சுவர் வரை போன வெளிச்சம்

1936ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, இணுவில் பஞ்சலிங்கத்தின் காரிலிருந்து விழுந்த வெளிச்சம், கார் போன பிறகும் தெருவிலேயே கிடந்தது. மறுநாள் பகலில் அது பெரிதாகத் தெரியவில்லை. யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றுதான் சனம் நினைத்தது. பொழுதுபட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. அவருடைய வாசற் படலையடியில் தொடங்கி, சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை எல்லாம் தாண்டிக் காங்கேசன்துறை வரை எட்டு மைல் தெருவும் ஒரு வண்டி அகலத்துக்கு வெளிச்சமாகக் கிடந்தது. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் வண்டிக்காரர்கள் அடுத்த நாளே லாந்தர்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார்கள். மாடுகள் முதலில் அதை மிதிக்கத் தயங்கின, பிறகு பழகிக்கொண்டன. அந்த வாரம் வெங்காய விலை இறங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வெளிச்சம் கிடந்ததைவிட அது கிடந்த திசைதான் ஊருக்குப் பெரிய புதினம். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் பஞ்சலிங்கம் தனியே காரை எடுத்துக்கொண்டு நல்லூருக்குப் போய்வருவதாக வீட்டிலும் வெளியிலும் சொல்லியிருந்தார். நல்லூர் தெற்கே இருக்கிறது. வெளிச்சம் வடக்கே போயிருந்தது. போய்ப் பார்த்து வந்தவர்கள் சொன்னபடி, அது காங்கேசன்துறையில் தெரு வளையும் ஒரு முடக்கில் நின்று, அங்கிருந்து எழுபது யார், இருநூறு அடிக்குமேல், மெலிந்து பாய்ந்து, ஒரு தென்னோலைக் கிடுகு வேலியின் இடைவெளிக்குள்ளால் நுழைந்து, அடுப்புப் புகை படிந்த ஒரு குசினிச் சுவரில் முடிந்திருந்தது. அது யாருடைய குசினி என்பதை ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பஞ்சலிங்கம் மலாயா ரெயில்வேயில் இருபத்தேழு வருடம் சிக்னல் விளக்குகளைப் பராமரித்தவர். 1930இல் பென்சனோடும், ஒரு பெட்டி சிக்னல் கண்ணாடிகளோடும், பழுதில்லாத சாமான்களையும் கழற்றித் திருத்தும் பழக்கத்தோடும் ஊருக்கு வந்தார். வந்ததும் கார் ஒன்று வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது என்பதால் காங்கேசன்துறை யாகப்புவைச் சாரதியாக வைத்தார். யாகப்பு நல்ல சாரதி. அதைப் பஞ்சலிங்கம் பிறகும் மறுத்ததில்லை. 1933 பங்குனியில் அவருடைய ஒரே மகள் பத்மாசினி அந்தச் சாரதியோடு போய்க் காங்கேசன்துறை வேதக் கோவிலில் பாதிரியார் முன் தாலி கட்டிக்கொண்டாள். பஞ்சலிங்கம் இனசனத்தைக் கூட்டிவைத்து, "அவளின்ரை வீட்டு வளவு மண்ணிலை என்ரை கால் பட்டால் நான் இணுவிலான் இல்லை" என்று சொன்னார். மகளின் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்றும் சொன்னார். மனைவி இரத்தினம்மா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அதற்குமேல் அவளால் செய்யக்கூடியதாக ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் காரில் கைவைத்தார். யாகப்புவின் கை பட்ட டாஷ்போட் தன் கண்ணில் படக்கூடாது என்று அதை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு, பலாப்பலகையில் புதிதாக ஒன்று அறுத்துப் பூட்டினார். யாகப்புவின் கை எது எங்கே என்று பழகியிருந்ததோ, அதெல்லாம் வேறிடத்துக்குப் போயிற்று. ஹோன் இருந்த இடத்தில் ஸ்ராட்டரும், ஸ்ராட்டர் இருந்த இடத்தில் மலாயா ரெயில்வே மணிக்கூடும், நடுவில் முருகன் படமும் வந்தன. ஐம்பத்தெட்டு வயதில் அந்த டாஷ்போட்டில் அவர் கார் ஓட்டப் பழகினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒருவன் ஒருமுறை அதை ஸ்ராட் பண்ணப்போய், அரை மணித்தியாலம் ஹோன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்தக் காரை அவரைத் தவிர உலகத்தில் ஒருவராலும் ஓட்ட முடியாது.

ஓட்டப் பழகிய மனிதர் முதல் வெள்ளிக்கிழமையே எங்கே போனார் என்பதைத் தெரு பிறகு சொல்லிவிட்டது. முடக்கில் காரை நிறுத்தி, லைற்றை அணைக்காமல், பத்து நிமிடம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார். கார் லைற் அந்த வேலி வரை எட்டவில்லை. 1936 ஆவணியில் பத்மாசினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது என்று காதில் விழுந்தபோது, அவர் பெட்டியைத் திறந்து இரண்டு சிக்னல் கண்ணாடிகளை எடுத்துக் கார் லாம்புகளுக்குள் பூட்டினார். வெளிச்சம் குசினி வரை எட்டவேண்டும் என்பது மட்டுமே அவருடைய எண்ணம். அது அங்கேயே தங்கிவிடும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. ரெயில் போகும், சிக்னல் நிற்கும். நின்று பழகிய கண்ணாடி என்பதால் அப்படி நடந்திருக்கும் என்று பின்னாளில் சொன்னார். அதைவிட நல்ல காரணம் எவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரத்தினம்மா படலையில் நின்று தெருவைப் பார்த்தாள்.

"நல்லூர் எப்பவிருந்து வடக்கை போனது?"

"டொக்டர் கடல் காத்துப் பிடிக்கச் சொன்னவர்."

"கடல் காத்து என்ரை பிள்ளையின்ரை குசினிக்குள்ளையோ வீசுது? மூண்டு வரியமா அவளின்ரை பேரை என்னைச் சொல்ல விடாமல், நீங்கள் மட்டும் போய்ப் பார்த்தியள், என்ன?"

"நான் பார்க்கப் போகேல்லை. கார் அங்கை போய் நிண்டது."

"அப்ப உந்தக் காரிலை என்னையும் ஏத்திக்கொண்டு போய் அவளின்ரை படலைக்குள்ளை இறக்கி விடுங்கோ. கள்ளி மாதிரி பஸ்ஸிலை போய் நான் இறங்க மாட்டன்."

"சபையிலை சொன்ன சொல்லு. ஏலாது."

இரத்தினம்மா வாய்விட்டு அழுதாள். பிறகு அதைப்பற்றி அவர்கள் ஆறு வருடம் கதைக்கவில்லை. பிடிவாதத்தில் அந்த வீட்டில் ஆண்பால் பெண்பால் வித்தியாசம் இருக்கவில்லை.

பஞ்சலிங்கம் டாஷ்போட்டில் பித்தளைச் சுவிச்சு ஒன்று பூட்டினார். மேலே தள்ளினால் சாதாரண வெளிச்சம், கீழே தள்ளினால் கிடக்கிற வெளிச்சம். வெள்ளிக்கிழமைகளில் அவர் அதை மேலே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. தெரு வெள்ளிக்கு வெள்ளி இன்னும் பிரகாசமாயிற்று. கலியாண வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுச் சின்னத் தெரு ஒழுங்கையிலும் கொஞ்சம் விடச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். இது கலியாணத்துக்கு உள்ள சாமான் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் காரின் பின் சீற்றில் ஒரு பனையோலைக் கடகம் இருக்கத் தொடங்கியது. பயற்றம் பணியாரம், ஒடியல் மா, ஒரு சின்னச் சட்டை. வைத்தது யார் என்று பஞ்சலிங்கம் கேட்கவில்லை. முடக்கில் இருந்த மைல் கல்லில் அதை இறக்கி வைத்துவிட்டு வருவார். அடுத்த வெள்ளி, போன வாரத்துக் கடகம் எலுமிச்சம்பழத்தோடு அங்கே இருக்கும். லைற்றுக்கு முன்னால் இருந்து இருந்து கடகத்திலும் வெளிச்சம் ஒட்டிவிட்டது. ஒவ்வொரு ஆவணியிலும் எலுமிச்சம்பழத்தின் அடியில் ஒரு மண்ணிறத் தாள் இருக்கும். தாளில் பிள்ளையின் இடது காலை வைத்துக் கரியால் சுற்றிக் கீறியிருப்பார்கள். இரத்தினம்மா தன் பேத்தியை அந்தத் தாள்களில்தான் அறிந்தாள். ஐந்து வருடத்தில் ஐந்து தாள், ஒன்றைவிட ஒன்று விரற்கடை பெரிது. தாள்கள் இருட்டில் சாதுவாக மினுங்கின. கடகத்தில் இருந்து வந்ததாலாக்கும் என்று அவள் நினைத்தாள்.

காங்கேசன்துறையில், ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது யாகப்பு வெளிச்சம் நுழையும் அந்த நாலு முழ இடைவெளியை மட்டும் அடைக்காமல் விட்டான். வேலியில் இப்படி ஓட்டையும் பொட்டும் வைத்திருக்கிற வீட்டைச் சனம் சும்மா விடாது. அவனுக்குச் சோம்பல் என்றார்கள். அவன் மறுக்கவில்லை. பத்மாசினி அந்த வெளிச்சத்தில்தான் சமைத்தாள்.

1942 சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்னர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பொழுதுபட்டால் ஒரு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது என்று சட்டம் வந்தது. கார் லாம்புகளுக்குக் கறுப்பு மை பூசச் சொன்னார்கள், பூசலாம். எட்டு மைல் தெருவை என்ன செய்வது? மல்லாகத்தில் தார் ஊற்றிப் பார்த்தார்கள். வெளிச்சம் எண்ணெய் மாதிரித் தாரின் மேலே வந்து மிதந்தது. மண் கொட்டினாலும் அதே கதை. கிடுகு பரப்பினால் மறைந்தது, ஆனால் அவ்வளவு கிடுகு வலிகாமம் முழுவதிலும் கிடையாது. கடைசியில் இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் சண்முகநாதன், மல்லாகத்துப் பள்ளிக்கூட வாத்தியார், கையில் கடுதாசியோடு பஞ்சலிங்கத்திடம் வந்தார்.

"அண்ணை, மேலையிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குக் கோடு கீறிவிட்டமாதிரிக் கிடக்குதாம். வாற திங்களுக்குள்ளை இது போகவேணும். இல்லாட்டில் தெருவைக் கிண்டி, நுனியிலை இருக்கிற வீட்டையும் இடிக்கச் சொல்லி ஓடர்."

பஞ்சலிங்கம் கடுதாசியை வாங்கி நாலாக மடித்தார். "கண்ணாடியை மற்றப்பக்கம் திருப்பிப் பூட்டினால் வெளிச்சம் திரும்பி வரும். ஆனால் பாய் சுருட்டிறமாதிரி. நுனியிலை இருந்துதான் தொடங்கவேணும்."

"நுனி எங்கை?" என்று உள்ளேயிருந்து இரத்தினம்மா கேட்டாள். அவளுக்குத் தெரியாததல்ல.

"குசினிச் சுவரிலை" என்றார் பஞ்சலிங்கம்.

இரத்தினம்மா போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்து, கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன் சீற்றில் ஏறி இருந்தாள். அவள் அந்தக் காரில் ஏறி ஒன்பது வருடம். தெல்லிப்பழை தாண்டும்போது அவர், "நான் இறங்க மாட்டன். காருக்குள்ளை இருந்தபடிதான் செய்வன்" என்றார். "நீங்கள் இருங்கோ. நான் இறங்குவன்" என்றாள் அவள்.

நட்ட நடு மத்தியானம். கார் முடக்கில் திரும்பியதைக் கண்டதும் யாகப்பு வேலியைக் கார் அகலத்துக்குப் பிரித்துவிட்டு நின்றான். பழைய பழக்கத்தில் கையைக் காட்டத் தொடங்கினான். "வாங்கோ ஐயா, நேரை வாங்கோ. முருங்கையைப் பாருங்கோ. இடப்பக்கம் ஒடியுங்கோ, இன்னும் ஒடியுங்கோ, ஆ... காணும்." பஞ்சலிங்கம் அவன் சொன்னபடியே ஒடித்தார். கார் நிற்குமுன் இரத்தினம்மா இறங்கிவிட்டாள். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுத சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும். பஞ்சலிங்கம் டாஷ்போட்டில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி, கண்ணாடியைத் திருப்பச் சொல்லி யாகப்புவிடம் திருப்புளியை நீட்டினார். பிறகு சுவிச்சைத் தள்ளினார்.

சுவரில் இருந்த வெளிச்சம் கழன்று வந்தது. பானையில் இருந்ததும், அம்மியில் இருந்ததும், முற்றத்தில் இருந்ததும், இரத்தினம்மா முன்னால் வைத்த கடகத்தில் இருந்ததும் வந்தன. குசினி வாசலில் நின்ற பிள்ளையின் இடது காலில் இருந்தது மட்டும் வரவில்லை. மூன்று தரம் சுவிச்சைப் போட்டுப் பார்த்தார். அப்படியே இருந்தது.

"உவளின்ரை காலிலை என்ன?" என்று கேட்டார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு மகளோடு அவர் கதைத்த முதல் கதை அது.

"நீங்கள் போட்ட வெளிச்சந்தான், அப்பா. முப்பத்தொண்டுத் துடக்குக் கழிஞ்ச கையோடை குசினிக்குள்ளை பாயிலை வளர்த்தியிருந்தனான். அண்டைக்கு ஒரு காலைத் துணிக்கு வெளியிலை உதைஞ்சு போட்டாள்."

பிள்ளைக்கு யோசப்பின் என்று பெயர். அவள் பயமில்லாமல் கார்க் கதவடிக்கு வந்தாள்.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை. வெள்ளிக்கிழமையிலை மட்டும் சாதுவாச் சுடும்."

பஞ்சலிங்கம் கதவைத் திறந்தார். குந்தியிருந்து, பிள்ளையின் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்து, சால்வைத் தலைப்பால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. துடைக்கத் துடைக்க அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. அதற்கும் போகவில்லை. யாகப்பு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெடுநேரம் கழித்துத்தான் அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். இரண்டும் அந்த வளவு மண்ணில் இருந்தன.

"இடது காலுக்கு ஒரு சப்பாத்துத் தைக்கவேணும்" என்றார்.

அன்று பின்னேரம் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அவர் மெதுவாக இணுவில் வரை ஓட்டினார். எட்டு மைல் வெளிச்சமும் தெருவிலிருந்து கழன்று லாம்புகளுக்குள் வந்தது. வார்டன் தன் அறிக்கையில், "தெரு முழுவதும் அகற்றப்பட்டது. எஞ்சியது ஒரு சிறு கால். சப்பாத்துப் போட்டு மறைக்கப்பட்டுள்ளது" என்று எழுதினார். மேலிடத்திலிருந்து அதற்குக் கேள்வி ஒன்றும் வரவில்லை.

அந்த வருடம் ஒரு செத்த வீட்டில் இனசனத்தில் ஒருவர் பழைய சபதத்தை நினைவுபடுத்தினார். "ஓம், அப்ப நான் இணுவிலான் இல்லை. விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பஞ்சலிங்கம் வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். 1945இல் சண்டை முடிந்து இருட்டடிப்புச் சட்டமும் போனபோது, வண்டிக்காரர்கள் வந்து தெருவில் வெளிச்சத்தைத் திரும்ப விடச் சொன்னார்கள். அந்த வழி இப்போது எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேத்தி யோசப்பின் தன் சப்பாத்தைக் கழற்றினாள். வெள்ளிக்கிழமைகளில் அவளும் தாய் தகப்பனும் மூவருமாக இணுவிலுக்கு வருவார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் சாமி விளக்கைத் தவிர வேறு விளக்குக் கொளுத்துவதில்லை. பிள்ளை குசினி வாசலில் காலை நீட்டிக்கொண்டிருந்தால் போதும், இரத்தினம்மா எல்லோருக்கும் இடியப்பம் பிழிந்து முடித்துவிடுவாள்.