ட்ரெப்பெலின் மாளிகையில் செருப்புப் பஞ்சம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஹென்னிங் தன் அவித்த முட்டையின் தலையில் ஒரு செருப்பை மாட்டினான்.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. ஆனா சூடு நல்லா நிக்குது, பாரேன்," என்றான்.

கெஸீனே பார்த்தாள். மேசைக்குப் பக்கத்தில் துணிக்கூடை நிறைய அதே மாதிரிச் செருப்புகள் கிடந்தன. அத்தனையும் மாளிகைச் செருப்புகள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்கள் ஷூவைக் கழற்றாமல் அப்படியே உள்ளே நுழைத்துக்கொள்ளும், கம்பளியை அழுத்திச் செய்த சாம்பல் நிற ஃபெல்ட் செருப்புகள். நேற்று வரை ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படகு அளவு இருந்தது. இன்றைக்குத் தொட்டில் குழந்தைக்குக்கூடக் கடிக்கும்.

"எத்தனை டிகிரியில போட்டே?" என்று கேட்டான் ஹென்னிங்.

"தொண்ணூறு."

"கம்பளியையா?"

"நாறுதுன்னு எழுதிட்டுப் போயிட்டான்ல!"

எழுதியது ஹனோவரிலிருந்து வந்த ஒரு மனிதர். போன ஞாயிறு பார்வையாளர் புத்தகத்தில், 'கூடம் அற்புதம். செருப்பில் பாலாடைக்கட்டி வாசனை' என்று ஒரே வரி எழுதிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். பத்தொன்பது வருடமாக அந்தக் கூடத்தைச் சுற்றிக்காட்டுகிறவள் கெஸீனே காஸ்போம். திட்டியிருந்தால்கூடத் துடைத்துப் போட்டிருப்பாள். அழுக்கு என்று ஒரு சொல் விழுந்தால் மெக்லென்பர்க் பெண்பிள்ளைக்குச் சோறு இறங்காது. ஹென்னிங் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருப்பதால், நிலையத்துப் பெரிய சலவை இயந்திரத்தில் எல்லாவற்றையும் ஒரே தடவையாகத் திணித்து, தீயணைப்பு உடுப்புக்குப் போடுவதைவிடவும் சூடாகப் போட்டுவிட்டு வந்திருந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அதுவும் எந்த ஞாயிறு! செப்டம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு. நாடு முழுக்கப் பழைய கட்டடங்களின் கதவைத் திறந்துவைக்கும் நாள். வழக்கமாக வாரத்துக்குப் பன்னிரண்டு பேர் வரும் ட்ரெப்பெலினுக்கு இன்றைக்கு எழுபது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு முதல் சுற்று.

"ஷூவோடயே விட்டுடு. ஒரு நாள்தானே?" என்றான் ஹென்னிங்.

"அந்தாளு அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்காரு!"

அந்த ஆள் என்றால் எக்பெர்ட் ஃபோன் ட்ரெப்பெலின் பிரபு. போர் முடிந்தபோது ஓடிப்போன குடும்பத்தின் பேரன். தொண்ணூற்று நான்கில் ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வந்து மாளிகையைக் கேட்டார். ஊர்ச் சபை கொடுத்தது. ஞாயிறு தோறும் கூடத்தை ஊருக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டது. பிரபு பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார். கூடத்தில் கால் வைக்கும் எவருடைய காலணிக்கும் தரைக்கும் நடுவில் ஃபெல்ட் இருக்க வேண்டும். ஒரே ஒருவர் மீறினாலும் கூடம் நிரந்தரமாக மூடப்படும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பதினொன்றரைக்குத் தோட்டத்துப் பக்கமாக வந்து, ஜன்னல் வழியாகக் கால்களை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். முகங்களைப் பார்த்ததே இல்லை. அவருக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை அமைதி.

கெஸீனேவுக்கு அந்தக் கூடம் வேறு. பிரபு வீட்டார் இல்லாத நாற்பத்தொன்பது வருடமும் அது ஊருக்குத்தான் இருந்தது. முதலில் தானியக் கிடங்கு, அப்புறம் மழலையர் பள்ளி, சனிக்கிழமைகளில் நடனக்கூடம். அவள் எண்ணக் கற்றதே அந்த மரத்தரையில் பதித்திருக்கும் நட்சத்திரங்களை வைத்துத்தான். ஹென்னிங் அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டதும், அதையே சாக்காக வைத்துக் கல்யாணம் கேட்டதும் அங்கேதான். அந்தக் கதவு மூடிக்கொண்டால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றே இருக்காது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு விருட்டென்று எழுந்தாள்.

நாற்காலி சத்தமே போடவில்லை.

இரண்டடி நடந்தவள் நின்றாள். திரும்பி வந்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். நான்கு கால்களின் அடியிலும் நான்கு வட்ட ஃபெல்ட் ஒட்டுகள். தரையில் கீறல் விழாமல் இருக்க எல்லார் வீட்டு நாற்காலியிலும் ஒட்டியிருப்பது.

"ஹென்னிங், ஒப்பந்தத்துல ஃபெல்ட்டுன்னுதானே இருக்கு?"

"ஆமா."

"செருப்புன்னு எங்கேயாவது இருக்கா?"

ஹென்னிங் முட்டையிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான். "உன்னைக் கட்டுனதுக்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லடி. பயந்திருக்கேன், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை. இந்த நாட்டில் ஞாயிறு அன்று ஆணி வேண்டுமென்றாலும் அடுத்த நாள்தான். கடை ஒன்றும் திறக்காது. ஆகையால் கெஸீனே ஊர்ப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டாள்: 'அவசரம். மாளிகைக்கு ஃபெல்ட் ஒட்டு வேண்டும். எல்லாரும் உங்கள் நாற்காலிகளைக் கவிழ்க்கவும்.'

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாளிகைக்கு என்றதும் எட்டரை மணிக்குள் ஊரே கவிழ்த்துவிட்டது. காப்பிக் கோப்பையிலும் பாத்திரத்திலும் தொப்பியிலுமாக ஒட்டுகள் வந்து சேர்ந்தன. வெள்ளை, பழுப்பு, கறுப்பு, ஒருத்தி கொண்டுவந்தது சிவப்பு. பாதிரியார் வீப்கே அம்மா மட்டும் போன் போட்டாள்.

"சபைக்கூடத்துல அறுபது நாற்காலி இருக்கு, கெஸீனே. தரேன். ஆனா பிரசங்கம் முடியட்டும். இப்பவே உரிச்சா நான் ஒவ்வொரு தடவை ஆமென் சொல்றப்பவும் அறுபதும் கீச்சுன்னு கத்தும்."

"சீக்கிரம் முடிங்கம்மா."

"இன்னைக்குப் பொறுமையைப் பத்தித்தான் பேசறேன். பாதியில நிறுத்திக்கிறேன்."

ஆளுக்கு ஆறு ஒட்டு, எழுபது பேர். உரித்த ஒட்டில் பசை எங்கே இருக்கும்? ஹென்னிங் நிலவறைக்குள் இறங்கினான். இருபது வருடமாக 'என்றைக்காவது உதவும்' என்று அவன் சேர்த்துவைத்திருந்த இருபக்கப் பசை நாடா ஒன்பது சுருளோடு ஏறி வந்தான். அந்த நிலவறையைக் காலிபண்ணச் சொல்லி இருபது வருடம் சண்டை போட்டவள் வாயைத் திறக்கவில்லை. அவனும் அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்தான். முகம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது.

பதினோரு மணிக்கு மழை விட்டிருந்தது. மாளிகை வாசலில் எழுபது பேர் வரிசை. ஒவ்வொருவராக ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஷூவின் அடியைத் துடைத்துக் காட்ட, பாடகர் குழுப் பெண்கள் ஒட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர் குனிந்து பார்த்து மிகுந்த மரியாதையோடு விசாரித்தார்.

"அருமையான வழக்கமா இருக்கே! எந்த நூற்றாண்டுல ஆரம்பிச்சது?"

"இந்த நூற்றாண்டுதாங்க. காலைல எட்டு மணியிலேர்ந்து," என்றாள் கெஸீனே.

கூடத்துக்குள் போனதும் இன்னொன்று தெரிந்தது. பழைய செருப்பில் எல்லாரும் காலை இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். இதில் வழுக்கிக்கொண்டு போனார்கள். லூபெக்கிலிருந்து வந்த பெருத்த அம்மாள் ஒருத்தி கதவருகே லேசாக ஒரு தள்ளுத் தள்ளி, கணப்பு வரைக்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். "இன்னொரு தடவை போகலாமா?" என்று கேட்டாள். கெஸீனே கூரை ஓவியத்தைக் காட்டினாள். பாதிப்பேர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரை. ஜன்னலில் பிரபுவின் தலை தெரிந்தது.

அவர் பார்த்தது இதுதான்: தன் கூடத்தில் எழுபது பேர், ஒருவர் காலிலும் சாம்பல் செருப்பு இல்லை. வெறும் ஷூ. முப்பது வருடமாகக் காத்திருந்த காட்சி கண்ணெதிரே. மனிதருக்கு மூச்சு முட்டியிருக்க வேண்டும். தோட்டத்துக் கதவைப் படாரென்று திறந்துகொண்டு, சட்டைப்பைக்குள்ளிருந்து ஒப்பந்தத்தை உருவியபடி கூடத்தின் நடுவுக்கே வந்துவிட்டார்.

"யாரும் அசையக் கூடாது! எல்லாரும் காலைத் தூக்குங்க!"

கையில் காகிதத்தோடு ஒருவர் உத்தரவு போட்டால் நம் ஜனங்கள் முதலில் செய்துவிட்டு அப்புறம்தான் காரணம் கேட்பார்கள். எழுபது பேரும் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு, லாடம் கட்டவந்த குதிரைகள் மாதிரி வலது காலைத் தூக்கிக் காட்டினார்கள். பிரபு வரிசையாகக் குனிந்து பார்த்தார். ஃபெல்ட். ஃபெல்ட். சிவப்பு ஃபெல்ட்.

"காஸ்போம் அம்மா, இது செருப்பு இல்ல."

"ஒப்பந்தத்துல செருப்புன்னு இல்லீங்களே, ஐயா. அதை எழுதினது நீங்கதான்."

பிரபு காகிதத்தைப் படித்தார். திருப்பிப் படித்தார். முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் தரையில் எதையோ கண்டார். முகம் மறுபடியும் ஏறியது.

"அப்போ இது என்னவாம்?"

தோட்டத்துக் கதவிலிருந்து கூடத்தின் நடுவரைக்கும், மேப்பிள் மர நட்சத்திரங்களின் மேல், சேறும் புல்லுமாகப் பெரிய பெரிய காலடிகள்.

"இது யாரோட கால்? வெளியே வரட்டும்!"

யாரும் வரவில்லை. எழுபது பேரும் ஒற்றைக் காலில் நின்றபடியே அவருடைய ரப்பர் பூட்ஸைப் பார்த்தார்கள். அவரும் மெதுவாகக் குனிந்து பார்த்தார்.

வாசலில் நின்ற ஹென்னிங் இருமினான்.

யாராவது சிரித்திருந்தால் கெஸீனேவும் சிரித்திருப்பாள். ஆனால் பிரபுவின் பார்வை தரையிலிருந்து காகிதத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டாள். எவர் மீறினாலும். எவர் என்றால் அவரும்தான். இந்தச் சேற்றுக் காலை வைத்தே அவர் கூடத்தை மூடிவிடலாம். அது அவருக்கும் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

வாதாடிப் பிரயோஜனம் இல்லை. அவள் மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"சரிங்க, மூடிடலாம். மீறினவர் பேரை எழுதி எல்லார் முன்னாடியும் கையெழுத்து வாங்கணும். அதுவும் நீங்க வச்ச விதிதான். பேரு?"

"என் பேர் உங்களுக்குத் தெரியும்."

"முறைன்னா முறைதாங்க. பேரு?"

"ரப்பர் பூட்ஸு, நாப்பத்தஞ்சாம் நம்பர்," என்று ஹென்னிங் எடுத்துக்கொடுத்தான்.

பிரபு அவனைக் கவனிக்கவில்லை. தன் காலடியில் கிடந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு முனையில் சேறு அப்பி, ஈரம் மரத்துக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. கைக்குட்டையை எடுத்தார். எழுபத்திரண்டு வயது மனிதர் முழங்காலிட்டு, தும்பு தும்பாகப் புல்லைப் பொறுக்கி, அந்த முனையைத் துடைத்தார். இந்த ஆள் அமைதிக்காக மட்டும் சண்டை போடவில்லை, தரையை நிஜமாகவே நேசிக்கிறார் என்று கெஸீனேவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரே தரையின் மேல் இரண்டு பேர் உயிரை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ஜன்னலுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்றிருக்கிறார்கள்.

"எழுதாதீங்க," என்றார்.

"அப்புறம் எப்படிங்க?"

அவர் எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கினார்.

ஹென்னிங் துணி கொண்டுவந்து பூட்ஸின் அடியைத் துடைத்தான். கெஸீனே ஒட்டினாள், இந்தக் காலுக்கு மூன்று, அந்தக் காலுக்கு மூன்று. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினாள், சற்று வேண்டுமென்றே பலமாக. பிறகு நிமிர்ந்து தள்ளி நின்றாள்.

"இப்ப நீங்க உள்ள வரலாம், ஐயா."

பிரபு ஒரு காலை முன்னால் வைத்தார். அது அவரைக் கேட்காமலே போனது. மற்றக் காலும் கூடவே போக, கைகளை விரித்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசைக்கே வந்து நின்றார். உதடு லேசாக விரிந்தது. அது சிரிப்புதான் என்று ஹென்னிங் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

"மன்னிக்கணும், நாங்கெல்லாம் பதினோரு மணியிலேர்ந்து நிக்கிறோம்," என்றாள் லூபெக் அம்மாள். "வரிசைல வாங்க."

பிரபு அவளைப் பார்த்தார். வீட்டுக்காரர் நான் என்று சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டு, எழுபது பேரைச் சுற்றி வழுக்கிப் போய்க் கடைசியில் நின்றார்.

கெஸீனே சந்தோஷமாகச் சுற்றைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"கடைசியில நிக்கிறவருக்குக் கேக்குதா?"

"கேக்குது," என்றார் பிரபு.