படுக்கையறையில் இருவர்

நோன்பு மாதத்து மாலை வேளையில் சுரபாயா அலுவலகம் பாதி உறக்கத்தில் இருந்தது. ரெத்னோவின் கணினித் திரையில் மட்டும் ஒரு வீடு விழித்திருந்தது. அவளுடைய சொந்த வீடு.

கட்டடம் எழும்பும் முன்பே அதில் வெயில் எங்கே ஏறும், ஏசி எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கணினியில் கட்டிப் பார்த்துச் சொல்வது அவர்கள் தொழில். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால், தெரிந்த வீடு ஒன்றை வைத்து முதலில் சோதிப்பார்கள். மாடல் சொல்லும் மின்சாரமும் மீட்டர் காட்டும் மின்சாரமும் ஒத்துப்போக வேண்டும். எப்போதும் அந்தச் சோதனைக்கு ரெத்னோவின் வீடுதான். அந்த மாடலைக் கட்டியவன் அவள் கணவன் செனோ. அப்போது அவனும் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

இப்போது கடல் தாண்டி, பொழுது சற்று முன்னதாகவே அடையும் பாலிக்பாபானில், ஒரு மருத்துவமனைக் கட்டட வேலையில் இருக்கிறான். அவன் போன பிறகு வந்திருக்கும் முதல் பதிப்பு இது. ஒப்பந்தம் பெருநாளோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். "நீ என்ன சொல்றே, தெக்?" என்று எப்போதும் அழைக்கும் செல்லப் பெயரில் அவன் கேட்டபோது, "உங்க இஷ்டம், மாஸ்" என்று தானும் அவனை அழைக்கும் பெயரிலேயே சொல்லிவிட்டாள். புருஷன் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவள் என்ற பேர் தனக்கு வேண்டாமென்று. இன்று மாலை நோன்பு திறக்கும்போது மேலாளர் அவனிடம் பதில் கேட்பார்.

"ம்பாக், உங்க வீடு உதைக்குது," என்று பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள், ரெத்னோவை அக்கா முறையில் 'ம்பாக்' என்று கூப்பிடும் திவி. "மீட்டரைவிட ஒண்ணரை மடங்கு காட்டுது."

"புதுப் பதிப்புல ஏதாவது கோளாறா இருக்கும்."

"பதிப்பு பாவம், அதை விடுங்க. படுக்கையறையில ரெண்டு பேர். ஏசி பதினெட்டுல, ராத்திரி முழுக்க! அங்க யாரு, பென்குயினா குடியிருக்கு?"

ரெத்னோவுக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டில் வைத்துவிட்டுக் கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொள்வது செனோவின் வழக்கம். அவள் எழுந்து இருபத்தாறுக்கு ஏற்றுவாள். கண்ணைத் திறக்காமலே அவன் இறக்குவான்.

மென்பொருளோடு வந்த நேர அட்டவணையில் விடியலுக்கு முன் யாரும் எழுவதில்லை. நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹூர் சமையலுக்கான விளக்கையும் மின்னடுப்பையும் அவன்தான் அதில் சேர்த்தான். இந்த நோன்புக்கு அவள் விளக்குகூடப் போடாமல், பேரீச்சம்பழமும் தண்ணீருமாக முடித்துக்கொள்கிறாள்.

"ஒருத்தர்னு போடுங்க ம்பாக்," என்றாள் திவி. இந்தமுறை கேலி இல்லை.

போட்டாள். ஏசியை அணைத்தாள்; தனியாகப் படுக்கும்போது அவள் அதைப் போடுவதே இல்லை. சஹூர் விளக்கையும் அடுப்பையும் எடுத்தாள். மாடலை ஓட்டினாள். திரையில் மாடலின் கோடும் மீட்டரின் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. கைதட்டப்போன திவி, அவள் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினாள். நீ தனியாக இருக்கிறாய் என்று இத்தனை துல்லியமாக யாரும் ரெத்னோவிடம் சொன்னதில்லை.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடிச் செனோவை அழைத்தாள்.

"என்ன தெக்? இங்க நோன்பு திறக்க உட்கார்ந்துட்டோம். உனக்கு இன்னும் நேரமிருக்கே, பசி மயக்கமா?"

"நம்ம வீட்டு மாடலை ஓட்டினேன், மாஸ். மீட்டரோட அச்சாப் பொருந்துது."

"அட! என்னத்த மாத்தினே?"

"உங்களை எடுத்துட்டேன்."

தட்டுகளின் ஓசை விலகியது. எழுந்து வெளியே வந்திருக்கிறான்.

"அப்ப மாடல்ல தப்பில்லே," என்றான் மெதுவாக.

"மாடல்ல இல்லே. வீட்டுலதான் தப்பு." அவள் குரல் உடைந்தது. "இஷ்டம்னு சொன்னது பொய். வந்துடுங்க மாஸ்."

"இதைச் சொல்ல உனக்குப் புதுப் பதிப்பு வர வேண்டியிருந்துச்சா?" அவன் குரலும் சரியாக இல்லை. "மேலாளர் உள்ளதான் இருக்கார். இப்பவே சொல்லிடறேன். ஆனா ஏசி பதினெட்டுதான்."

"இருபத்தாறு."

"இருபது."

"முதல்ல வாங்க, பேசிக்கலாம்."

முகம் கழுவிக்கொண்டு அவள் திரும்பியபோது திவி கேட்டாள்: "ம்பாக், இந்த மாடலையே நிரந்தரமா வெச்சுக்கலாமா?"

"பெருநாள் வரைக்கும் வெச்சுக்கோ," என்றாள் ரெத்னோ.