சந்து வாசல்

"அந்தக் கார்டு உன் கழுத்துலதான தொங்குது? ஒரு தடவை அந்தக் கதவுல காட்டுனா என்ன, கையா தேஞ்சு போயிடும்?"

கேட்டவன் வெர்னிட்டாவின் புருஷன் ஓடெல். விடிந்ததும் விடியாததுமாகக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வண்டி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"கை தேயாது. வேலை போயிடும்" என்றாள் வெர்னிட்டா. சாம்பல் நிறச் சீருடையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பார்த்தால் தாங்காது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீர் கோத்து வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு ராத்திரியாக உட்கார்ந்தே தூங்கியிருக்கிறான்.

சந்துப் பக்கத்து லிஃப்ட் நின்று ஆறு நாளாகிறது. அவர்கள் இருப்பது ஆறாம் மாடியில். ஓடெலுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, சர்க்கரை தின்றுவிட்டது. திங்கட்கிழமை எதிர்வீட்டுக்காரர் சூ வாங், அவர் தம்பி இரண்டு பேரும் நாற்காலியோடு அவனைத் தூக்கிப் படியிறக்கி, சாயங்காலம் மேலேயும் ஏற்றினார்கள். சூ உணவு விடுதியில் சமையல்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அன்று பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் விடவில்லை. அதனால் புதன்கிழமை டயாலிசிஸ் தவறியது. "இன்னொண்ணு விட்டீங்கன்னா தண்ணி நுரையீரலுக்குப் போயிடும்" என்று நர்ஸ் ஃபோனில் கண்டித்திருந்தாள். இன்று வெள்ளி.

"எங்கம்மா மிசிசிப்பியில வெள்ளக்காரங்க வீட்டுப் பின்வாசல்ல நுழைஞ்சு நுழைஞ்சு வெறுத்துப்போயி, ரயிலேறி இந்தக் குளிருக்கு வந்தா. அவ பெத்த பிள்ளை நான், குப்பைத் தொட்டியை ஒட்டுன வாசல்ல போயிட்டு வந்துட்டிருக்கேன்."

"உங்கம்மா கதைக்கு இப்ப நேரமில்ல ஓடெல். நான் வோல்கர்கிட்ட கேக்குறேன். நல்லபடியாக் கேட்டா விடுவான்."

"விடுவான் விடுவான். நீ கேட்டுப் பாரு, நான் தொப்பியைக் கழட்டாம உக்காந்திருக்கேன்."

விஸ்கான்சின் அவென்யூவில் ஒரு பழைய வங்கி இருந்தது. அதன் கல்தூண் முகப்பை மட்டும் விட்டுவைத்து, பின்னால் எல்லாவற்றையும் இடித்து, இருபத்தெட்டு மாடிக்குக் கண்ணாடியில் எழுப்பியிருந்தார்கள். மில்வாக்கி நகரசபை வரியில் பெரிய சலுகை தந்தது. ஐந்தில் ஒரு வீடு குறைந்த வாடகைக்குத் தரவேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. கட்டியவர்கள் சொன்ன சொல் தவறவில்லை, ஐந்தில் ஒன்றைக் கட்டினார்கள். சந்துப் பக்கமாகக் கட்டினார்கள். அதற்குத் தனி வாசல், தனி லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் நடைவழியின் நடுவே ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கம்பளம், இந்தப் பக்கம் வெறும் தரை. குலுக்கலில் தங்கள் பெயர் விழுந்த அன்று வெர்னிட்டா அடுப்படியில் ஆடினாள். முன்கூடத்து மேசை வேலையும் அங்கேயே கிடைத்தபோது சொர்க்கமே கூப்பிட்டு இடம் கொடுத்தது போல் இருந்தது.

அன்றைக்கும் அவள் ஆறு மாடி இறங்கி, குப்பைத் தொட்டிகளைக் கடந்து, உறைபனியில் கட்டடத்தைச் சுற்றி நடந்து, முன்வாசலுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்துவிட்டாள். சந்துப் பக்கத்துக்காரர்கள் யாராவது வழி தப்பி வந்தால் திருப்பியனுப்புவதும் அவள் வேலைதான். பதினோரு மாதமாகச் சிரித்த முகத்தோடு அதைச் செய்திருக்கிறாள். அந்த வெட்கம் அவளுக்கு இல்லாமல் இல்லை.

மேலாளர் பிரெண்ட் வோல்கர் ஒன்பதரைக்கு வந்தான். முப்பத்துநாலு வயது. யாரிடமும் குரலை உயர்த்தாதவன், நாக்கில் தேன் தடவியவன்.

"வெர்னிட்டா, பத்தரைக்குப் பரிசுக் குழு வருது. கட்டடக்கலைச் சங்கத்துலேந்து. எல்லாத் தரத்து மக்களும் சேந்து வாழற கட்டடம்னு ஒரு பரிசு இருக்கு, அதுல நம்ம பேரும் இருக்கு. பூவை மாத்திடுங்க."

"மாத்திடுறேன். மிஸ்டர் வோல்கர், என் வீட்டுக்காரருக்கு இன்னைக்கு டயாலிசிஸ். சந்து லிஃப்ட்டு இன்னும் ஓடல. இந்தப் பக்கமா ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

அவன் முகம் உண்மையாகவே வாடியது. "மனசு கேக்கலங்க, நிஜமாச் சொல்றேன். ஆனா இந்த லிஃப்ட்டெல்லாம் முன்பக்கத்துக்காரங்களோடது. ஒருத்தருக்குத் திறந்தா நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் திறக்கணும்."

"நாப்பத்திரெண்டு வீட்டுலயும் காலில்லாதவங்களா இருக்காங்க?"

"நான் போட்ட விதி இல்ல வெர்னிட்டா. ரிப்பேருக்கு ஒரு சாமான் வரணும், அடுத்த வாரம் வந்துடும்." தோளைத் தொடப்போனவன் கையை இழுத்துக்கொண்டான். "உங்களுக்குத் தெரியாததில்ல. அந்த நடுக்கதவு ஒவ்வொரு தடவை திறக்குறதும் கணினியில பதிவாகுது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வெர்னிட்டா பூவை மாற்றினாள்.

பத்து நாற்பதுக்கு ஃபோன் அடித்தது. வண்டி ஓட்டுகிறவன். "சந்துக்குள்ள நிக்கிறேம்மா. அஞ்சு நிமிஷம்தான், அதுக்கு மேல நிக்க அனுமதி இல்ல."

"முன்னால வா தம்பி. முன்வாசலுக்கு வா. பத்து நிமிஷம் நில்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. ஓடெலைக் கூப்பிட்டாள். எடுத்தான், பேசவில்லை. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மேசையை அப்படியே விட்டுவிட்டு முன்பக்க லிஃப்ட்டில் ஏறினாள்.

ஆறாம் மாடி நடுக்கதவில் கார்டைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், எந்தச் சத்தமும் இல்லை.

கம்பளத்தின் மேல் நாற்காலி உருண்டபோது ஓடெல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சுவரில் படங்கள், மூலைக்கு மூலை விளக்கு. "ஏய் வெர்னி, நம்ம வீட்டுலேந்து பதினஞ்சு அடி கூட இருக்காதே இது" என்றான். லிஃப்ட்டுக்குள் நாலு பக்கமும் கண்ணாடி. இருபத்துநாலு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவன், மூச்சு வாங்க வாங்கக் கிண்டலை விடவில்லை. "இப்படிக் குலுங்காத வண்டிய நான் ஓட்டுனதே இல்ல."

"பேசாம வா. மூச்சை வீணாக்காத."

கீழே கதவு திறந்தது. எதிரே வோல்கர் நின்றான், அவனோடு மூன்று பேர். குழுத் தலைவி உயரமான வயதான பெண், சிவப்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி. வோல்கரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

அந்த அம்மாள் ஓடெலைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது. "நீங்க இங்கயா குடியிருக்கீங்க?"

"ஆறாம் மாடிம்மா. பதினாலு மாசமாச்சு."

"இந்தக் கூடம் எப்படியிருக்கு, பிடிச்சிருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? இன்னைக்குத்தான முதல்முதலாப் பாக்குறேன்."

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "பாத்தீங்களா, சொந்த வீட்டுல இருக்கறவருக்குத்தான் இந்தக் கேலியெல்லாம் வரும்" என்றாள் அந்த அம்மாள். "வரைபடத்துல எத்தனையோ பாக்குறோம். நேர்ல பாக்குறது இது ஒண்ணுதான்."

லிஃப்ட்டைப் பற்றிச் சொல்ல வெர்னிட்டா வாயெடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே வண்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. இப்போது பேச ஆரம்பித்தால் வண்டி போய்விடும். வாயை மூடிக்கொண்டாள். அதற்காகத் தன்னைப் பிற்பாடு பல நாள் திட்டிக்கொண்டாள்.

அதற்குள் வோல்கர் தெளிந்துவிட்டான். அவள் கையிலிருந்து நாற்காலியைத் தானே வாங்கித் தள்ளினான். "கவனம் சார், வாசல்ல ஒரு சின்ன ஏத்தம்" என்றான். ஓடெலை அவன் சார் என்றது அதுவே முதல் தடவை. குழுவில் ஒருவர் படம் எடுத்தார். கல்தூண், கண்ணாடிக் கதவு, நாற்காலியில் ஓடெல், கதவைப் பிடித்தபடி வோல்கர், பின்னால் சீருடையில் வெர்னிட்டா.

அன்று ஓடெல் பிழைத்தான்.

திங்கட்கிழமை காலை வோல்கர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். மேசை மேல் கடிதம் தயாராக இருந்தது. "வெள்ளிக்கிழமை பத்து நாப்பத்தாறுக்கு நடுக்கதவு உங்க கார்டுல திறந்திருக்கு."

"நீங்கதான சார் நாற்காலியத் தள்ளிட்டுப் போனீங்க?"

"அது விருந்தாளிங்க முன்னாடி" என்றான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். கார்டையும் சீருடையையும் அங்கேயே வாங்கிக்கொண்டான்.

சந்து லிஃப்ட் மூன்று வாரத்தில் ஓடியது, அதுவரை ஓடெலை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். வெர்னிட்டாவுக்கு ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்துக்கு. ஏப்ரலில் பரிசு அந்தக் கட்டடத்துக்கே வந்தது. அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி முன்கூடத்தில், தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி மாட்டினார்கள். 'எல்லோரும் ஒரே வாசலில் நுழையும் வீடு' என்று பரிசுக் குழு எழுதியதை அதற்குக் கீழே பொறித்திருந்தார்கள். மே மாதம் சந்து லிஃப்ட் மறுபடியும் நின்றது.

நின்ற மறுநாள் யாரோ கதவைத் தட்டினார்கள். வோல்கர். நடுக்கதவு வழியாக வந்திருந்தான். பதினெட்டு மாதத்தில் அவன் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது அன்றுதான்.

"வியாழக்கிழமை சாயங்காலம் பரிசு விழா வச்சிருக்கோம். மேயர் அலுவலகத்துலேந்தெல்லாம் வர்றாங்க. எல்லாரும் உங்களத்தான் கேக்குறாங்க சார். நீங்க ரெண்டு பேரும் வரணும். நடுக்கதவை நானே வந்து திறந்துவிடுறேன்."

"அன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள் வெர்னிட்டா.

"ஆமாங்க, அன்னைக்கு."

"திங்கள், புதன், வெள்ளி?"

வோல்கர் தன் காலணியைப் பார்த்தான்.

"தம்பி" என்றான் ஓடெல், "உனக்குத் தேவைப்பட்டா திறக்குது, எனக்கு உசுரு போனாலும் திறக்காதுன்னா நான் எதுக்கு அங்க வரணும்? அதான் படத்துல இருக்கேனே. அத வச்சு ஒப்பேத்திக்க."

அவன் போனதும் வெர்னிட்டாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "வீராப்பு பேசி அனுப்பிட்ட. போயிருந்தா அத்தன பேரு முன்னாடி வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"போன தடவை உண்மையத்தான் சொன்னேன். சிரிச்சாங்க."

வியாழக்கிழமை விழா நடந்தது. உடல்நலக் குறைவால் ஓடெல் வர இயலவில்லை என்று மேடையில் அறிவித்தார்களாம், எல்லோரும் கை தட்டினார்களாம். விழாச் சமையலுக்குப் போயிருந்த சூ வந்து சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை தூக்கிச் செல்ல ஆள் கிடைக்கவில்லை, டயாலிசிஸ் தவறியது.

திங்கட்கிழமை காலை ஓடெலின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சூவின் இடுப்பு இப்போது குனியவே விடுவதில்லை, இருந்தும் வந்தார். வெர்னிட்டாவும் அவருமாக நாற்காலியை ஐந்தாம் மாடி வரைக்கும் இறக்கினார்கள். அங்கே சூ சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என்னால ஆகலம்மா. மன்னிச்சுக்கோ" என்று அழுதார். வோல்கருக்கு நாலு தடவை ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், வர இருபது நிமிடமாகும் என்றார்கள். வண்டிக்காரன் கூப்பிட்டு, ஐந்து நிமிடம்தான் நிற்பேன் என்றான்.

"இங்கயே இரு, இதோ வந்துட்டேன்" என்று ஓடெலிடம் சொல்லிவிட்டு, மீதிப் படிகளை இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினாள். ஐந்தாம் மாடியிலும் ஒரு நடுக்கதவு இருக்கிறது. அதை உள்ளேயிருந்து யாராவது திறந்தால் போதும். கட்டடத்தைச் சுற்றி ஓடி முன்வாசல் கண்ணாடியில் இரண்டு கையாலும் தட்டினாள்.

உள்ளே மேசையில் புதிதாக ஒரு ஆள் இருந்தான். அவன் தலைக்கு மேலே சுவரில் அவளும் ஓடெலும் வோல்கரும் இருந்தார்கள். அவன் எழுந்து வந்தான். கண்ணாடிக்கு மறுபக்கம் நின்று, வேலைக்குப் போகும் உடையில் மூச்சிரைக்க நின்ற அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தான். "என் புருஷன் மேல மூச்சில்லாமக் கெடக்கான்யா, கதவைத் திற" என்று கத்தினாள்.

"எத்தனாம் நம்பர் வீடுங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

சொன்னாள்.

அவன் தலையை ஆட்டினான். "அந்த வீட்டுக்காரங்களுக்கு வாசல் சந்துப் பக்கம்மா" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பிப் போனான்.

வெர்னிட்டா நகரவில்லை. மறுபடியும் தட்டினாள்.