மேகத்துக்கு இரண்டு கரண்டி

"இது மந்திரம் இல்லம்மா, மெதுவாத்தான் வேலை செய்யும்," என்றார் குதிரை டாக்டர். "முதல்ல எடை குறையணும். அப்புறம்தான் எண்ணெய், பொடி எல்லாம்."

"எத்தனை நாள் ஆகும் டாக்டர்?"

"ரெண்டு மாசமாவது பாக்கணும். தினம் ரெண்டு கரண்டி, ஒரு நாள் விடாம. விட்டு விட்டுக் குடுத்தா குடுக்காததுக்குச் சமம்."

"என் கையில ஒரு வேளைகூடத் தவறாது."

"உங்க கையில சந்தேகமில்ல. மேகத்தோட வாய் மேலதான் எனக்குச் சந்தேகம்."

தீனி அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு அவள் காதில் மறுபடி ஓடும். அந்தச் சவாரிப் பள்ளியில் பதினேழு குதிரைகள். பதினேழுக்கும் வாளி கலப்பவள் அவள். சவாரி சொல்லிக்கொடுப்பவர் அவள் கணவர், ஊருக்கெல்லாம் வாத்தியார். பள்ளியை நடத்துவது வாத்தியாரின் அக்கா. அவளுக்கு நாத்தனார். வாயைத் திறந்தால் பதினேழு குதிரையும் காதை நிமிர்த்தும்.

மேகம் சாம்பல் நிறப் பெண்குதிரை. பத்தொன்பது வயது, முன்னங்கால் முட்டி இரண்டிலும் தேய்மானம். காலையில் லாயத்தை விட்டு வெளியே வரும்போது, புதுச் செருப்பு கடித்தவளைப் போல ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கும். மற்ற குதிரைகளைக் கண்டால் அழும் குழந்தைகள்கூட மேகத்தின் கழுத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிப் போவார்கள்.

டாக்டர் சொன்னபடியே ஓட்ஸைப் பாதியாக்கினாள். உலர்புல்லை ஊறவைத்து, இனிப்புச் சத்து தண்ணீரோடு போகட்டும் என்று நன்றாக வடித்தாள். நனைந்த தவிட்டில் ஒரு குவளை ஆளிவிதை எண்ணெய். கடைசியில் டாக்டர் தந்த மூட்டுப் பொடி, இரண்டு கரண்டி. கரண்டியை முகர்ந்து, விரலால் தலை தட்டி, தவிட்டுக்குள் புதைப்பாள். கரையில் காய்ந்த சிப்பியின் வாசனை அதற்கு. மேகம் முதலில் மூக்கைச் சுளிக்கும், பிறகு இவள் முகத்தைப் பார்க்கும், பிறகு போனால் போகிறது என்று தின்னும்.

விடியலில் வாளியிலிருந்து ஆவி எழும்பும்போது அவளுக்குக் கண் செருகும். அந்த அரைத்தூக்கத்தில் மேகத்தின் முட்டி ஒரு சின்ன வீடாகத் தெரியும். அதன் கதவுக் கீல் கிறீச்சிடும். இவள் எண்ணெய்க் குவளையோடு உள்ளே போவாள், அறைக்கு அறை நடப்பாள், கதவுகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் திறக்கும். கடைசி அறையில் கடல் இருக்கும். வாளியை மேகம் மூக்கால் இடிக்கும்போதுதான் விழிப்பு வரும்.

டப்பாவில் அறுபது கரண்டி. தினம் இரண்டு என்றால் முப்பது நாள். ஆனால் முதல் டப்பா இருபதாம் நாளே காலியாகிவிட்டது. கடையே வேறு ஊரில்; டாக்டர் மாதக் கடைசியில் வரும்போதுதான் அடுத்த டப்பா வரும். ஒரு வேளைகூடத் தவறாது என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது? தன் கைதான் தாராளமாகிவிட்டது என்று நினைத்து, வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் மேகம் வெறும் தவிட்டைத் தின்றது.

மாதக் கடைசியில் டாக்டர் மேகத்தை நடத்திப் பார்த்தார். எடை இறங்கியிருந்தது. நடை மட்டும் பழைய நடைதான்.

நாத்தனார் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார். "இன்னும் ஒரு டப்பா. அதுலயும் தேறலைன்னா வெளிய குடுத்துடலாம். வாங்க ஆள் இருக்கு," என்றார். வாங்குகிறவன் மேகத்தை என்ன செய்வான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு வாத்தியார் வேறு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பிப்பார். அவள் நிமிர்ந்தால், "ஒண்ணுமில்ல, விடு," என்பார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? மாதக்கணக்கில் இதே கதை. மேகத்தை விட்டுக்கொடு என்று கேட்கத்தான் இத்தனை நாளும் தம்பியை அக்கா தூது விட்டிருக்கிறார் என்று இப்போது அவள் முடிவே கட்டிவிட்டாள். அதனால் அவர் வாயெடுத்தாலே இவளுக்கு அடுப்பில் வேலை வந்துவிடும்.

இரண்டாவது டப்பாவின் பத்தாம் நாள், மனசு கேட்காமல், ஒரு துணியை விரித்துப் பொடியைக் கொட்டி அளந்தாள். நாற்பது கரண்டி இருக்க வேண்டும். முப்பதுதான் இருந்தது. மறுபடி அளந்தாள். அதே முப்பது. தினம் சரியாக ஒரு கரண்டி. எலி இத்தனை ஒழுங்காகத் திருடாது.

மதியம் சாக்கு மூட்டைகளின் மேல் சாய்ந்து யோசித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கண் அயர்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தவிட்டுத் தூள் மெல்ல மிதந்தது. கதவு திறந்தது. கையில் தேநீர்க் குவளையோடு யாரோ உள்ளே வந்து, அலமாரியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். டப்பா திறக்கும் சத்தம். கரண்டியை முகர்ந்து, அவள் செய்வது போலவே விரலால் தலை தட்டி, தேநீரில் போட்டுக் கலக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு மருந்து குடிக்கும் குழந்தை மாதிரி ஒரே மூச்சில் குடித்தது அவள் கணவர்.

கனவு என்றுதான் நினைத்தாள். சிப்பி வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க."

அவர் திரும்பினார். மீசையில் வெள்ளைத் தூள்.

"சும்மா... ருசி எப்படி இருக்குன்னு பாத்தேன்."

"முப்பது கரண்டியாவா ருசி பாக்கறீங்க?"

அவர் மீசையைத் துடைத்தார். இடது முட்டியை நீட்டியபடியே நின்றார். அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. கொஞ்ச நாளாக அவர் குதிரை ஏறுவதற்கு முன் படிக்கட்டைத் தேடுவது, கீழே உட்கார வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றுகொண்டே பேசுவது, மாடிப்படியில் அவளை முன்னே போகச் சொல்வது. குதிரையின் நடையில் நூலளவு கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவளுக்குக் கட்டிய கணவரின் நடை தெரியாமல் போயிருந்தது.

கோபமும் வந்தது. "இது குதிரைக்கு அளந்த பொடிங்க. உங்க உடம்புக்கு ஆகுமா ஆகாதான்னு யாரைக் கேட்டீங்க? நீங்க குடிச்சதுல போன மாசம் பத்து நாள் அவளுக்கு இல்லாமப் போச்சு. இப்ப அவளைக் குடுக்கப் போறாங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "பத்து நாளா? டப்பா காலியானப்போ உள்ள இன்னொண்ணு இருக்கும்னு நெனச்சேன்," என்றார். குவளையை வைத்தார். வெளியே போய், முற்றத்தைக் குறுக்காகக் கடந்து, நேராக அக்காவின் அறைக்கு நடந்தார். முதல் முறையாக நொண்டுவதை மறைக்காமல் நடந்தார்.

கதவு மூடியிருந்தது. முதலில் நாத்தனாரின் குரல் எழும்பியது, பிறகு தணிந்தது. அதன் பிறகு இருமல் வரும்வரை ஒரு சிரிப்பு. சின்ன வயசிலேயே குதிரைக்கு வைத்த கேரட்டைத் தின்றவன்தானே, வயசானாலும் புத்தி மாறுமா என்று அவர் கேட்டது முற்றம் வரை வந்தது.

வாத்தியார் திரும்பி வந்து தீனி அறை வாசலில் நின்றார். மேகத்துக்கு இன்னும் மூன்று மாதம் தவணை, அதுவரை விற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, குறைகிற பொடியை அக்கா நாளைக்கே வரவழைக்கிறாராம், அலமாரிச் சாவி இனி இவள் இடுப்பில்தான் இருக்க வேண்டுமாம். வரிசையாகச் சொல்லி முடித்தார். பத்து நாள் பாரம் அவள் நெஞ்சிலிருந்து இறங்கியது.

"உங்களைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"டாக்டர் சொல்ற வரைக்கும் குதிரை ஏறக் கூடாதாம். தரையில நின்னு சொல்லிக்குடுக்கணுமாம்." மூட்டையில் அவளருகே மெல்ல, முட்டியைக் கையால் மடக்கி, உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அடுப்பில் வேலை எதுவும் அவளுக்கு நினைவு வரவில்லை. "கேளுங்க."

"எலும்பு டாக்டரைப் பாக்கணும். நாலு தடவை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். இனிமே ஏறவே கூடாதுன்னு சொல்லிட்டா, அதைத் தனியா கேக்க எனக்குப் பயமா இருக்கு. நீ என்கூட வர்றியா?"