சும்மா நான்

…நம்மதுன்னு சொல்லு, அந்தாள்கிட்ட இது நம்மதுன்னு சொல்லிடு தாசொம் அம்மா, வேற யாராவது கை வச்சுடப் போறாங்க… மேடம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள், நான் அலமாரியின் விளிம்பில் கை வைத்தபடி நிற்கிறேன், கண் எரிகிறது, இரவு முழுக்க பேட்டரி ஆலையில் கொரிய அதட்டலை ஹங்கேரியனாகவும் ஹங்கேரிய வசவைக் கொரிய மரியாதையாகவும் மாற்றிக்கொண்டிருந்த வாய் இது, ஷிஃப்ட் முடிந்து முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தால் கம்பெனி வேன் நிற்கிறது, ஓட்டும் இடத்தில் என் கணவன் தேஹோ, பின்னால் அரைத் தூக்கத்தில் மகள் தாசொம், வேனுக்கு முன்னால் கறுப்புக் காரில் மேடம், ஆலைத் தலைவரின் மனைவி. சனிக்கிழமை என்றால் எச்செரி சந்தை. புடாபெஸ்டில் செத்தவர்கள், வீடு காலி செய்தவர்கள், நொடித்துப்போனவர்கள் எல்லாருடைய சாமானும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது, மேடத்துக்கு அதில் கோப்பைகள் வேண்டும், பேசி விலையைக் குறைக்க நான், தூக்கி வேனில் ஏற்ற தேஹோ, எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்பது ஏற்பாடு. யார் செய்த ஏற்பாடு? யாரும் செய்யவில்லை, கணவர்களின் பதவி வரிசையில் மனைவிகள் நடப்பது ஆலைக்குள் வந்த முதல் நாளே எங்களுக்குத் தெரியும், பெரியவள் பார்த்து முடிக்கும் வரை சின்னவள் எதையும் தொடமாட்டாள், தொட்டது பெரியவளுக்குப் பிடித்துவிட்டால் கை தானாக விலகும். ஒரு வருடமாக என் கை விலகிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு விலகவில்லை, ஏன் என்று எனக்கே தெரியவில்லை, விலகு என்று சொல்லிப் பார்த்தேன், அது அங்கேயே இருக்கிறது.

இத்தனைக்கும் பெரிய அழகெல்லாம் இல்லை. சமையலறை அலமாரி, பால் நிறத்தில் பெயிண்ட் அடித்து அதன்மேல் யாரோ பச்சை அடித்து அதுவும் உரிந்திருக்கிறது, மேலே கண்ணாடிக் கதவு, கீழே மூன்று இழுப்பறை, தள்ளிப் பார்த்தால் அசையவில்லை, இரும்புபோல் கனம். அதுதான் எனக்குப் பிடித்தது. கனம். எங்கள் வீட்டில் கனமானது எதுவும் இல்லை, மடிக்கிற மேஜை, மடிக்கிற நாற்காலி, தட்டுகள் குழாயடியில் பிளாஸ்டிக் கூடையில், அரிசி ஒரு அட்டைப்பெட்டியில், ஏனென்றால் அடுத்த வருடம் தேஹோவுக்கு வேலை உயரும், கம்பெனி தரும் வீட்டுக்குப் போவோம், பிறகு சியோலுக்குப் போவோம், எதற்கு வீணாகச் சாமான், என்று நாலு வருடமாக நான் தட்டு எடுக்கக் குனிகிறேன், அரிசி எடுக்கக் குனிகிறேன். ஆலையில் குனிந்து, சந்தையில் குனிந்து, வீட்டுக்கு வந்து சோற்றுக்கும் குனிய வேண்டுமா? நெஞ்சு உயரத்தில் ஒரு தட்டு. நின்றபடி கையை நீட்டி எடுக்கிற மாதிரி. கேட்பது அவ்வளவுதான்.

கடைக்காரர் டெஜோ சந்தை மூலையில் குளிருக்கு இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மேடத்தைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைத் தொட்டு, வாங்க சீமாட்டி, என்றார் வழக்கம்போல. அதற்கொரு கதை இருக்கிறது. எங்கள் கொரிய மொழியில் 'ஊரி' என்று ஒரு சொல், நம்ம, எங்க, என்னோட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான், அதற்குள் எதிரில் நிற்பவர் இருக்கிறாரா இல்லையா என்பது சொல்கிறவர் இஷ்டம். மேடத்தின் வாயில் மூச்சுக்கு ஒரு ஊரி. ஊரி வீடு, ஊரி கார், ஊரி கோப்பை, ஊரி தாசொம் அம்மா. ஹங்கேரியனிலும் அதே ஓசையில் ஒரு சொல் இருக்கிறது, பெரிய மனிதர்களுடைய, சீமான் வீட்டு, என்று பொருள். கோப்பை ஒவ்வொன்றையும் எடுத்து ஊரி, ஊரி என்கிற பெண்மணியைப் பார்த்து டெஜோ முதல் நாளே என்னிடம் ரகசியமாகக் கேட்டார், இவங்க உங்க ஊர்ல ஜமீன் பரம்பரையா, அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்களே. ஆமாம் என்றேன். திருத்தவில்லை. தப்பு எங்கே இருக்கிறது திருத்த? நேற்று இரவுகூட எங்கள் பிரிவுத் தலைவர் இயந்திர வரிசைக்கு முன்னால் நின்று, இந்த வாரம் நாம எல்லாரும் இடைவேளைய விட்டுக்குடுத்து உழைக்கணும் என்றார் அதே ஊரியை வைத்து, சொல்லிவிட்டுத் தன் அறைக்குக் காபி குடிக்கப் போனார். ஹங்கேரியனில் யாருடையது என்பதைச் சொல்லின் வாலில் ஒட்டியே ஆகவேண்டும், மழுப்ப முடியாது, நான் ஒட்டினேன், உங்க இடைவேளைய நீங்க விட்டுக்குடுக்கணுமாம், என்று. அவர்கள் திட்டினார்கள். என்ன சொல்றாங்க என்று திரும்பி வந்து கேட்டார். சரிங்கறாங்க என்றேன்.

தேஹோவுக்கு இந்த வேடிக்கை எதுவும் பிடிக்காது. அவன் உள்ளூரில் எடுத்த ஆள், கொரியனாக இருந்தும் சியோல் அனுப்பிய ஆள் இல்லை, அதே கிடங்கு, அதே வேலை, ஆனால் சியோல் அனுப்பியவர்களுக்கு வீட்டு வாடகை கம்பெனி கொடுக்கும், பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும், அவனுக்கு வருடாவருடம் ஒப்பந்தக் காகிதம் புதுப்பித்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. திங்கட்கிழமை ஆலைத் தலைவர் சியோலுக்கு ஒரே ஒரு பெயர் சொல்லப்போகிறார், அந்தப் பெயரை நிரந்தரமாக்குவார்கள், அது தேஹோவின் பெயராக இருக்கலாம் என்று போன மாதம் மேடம்தான் கோப்பைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னாள், நம்ம தாசொம் அப்பாவுக்கு நான் சொல்லாம வேற யாரு சொல்வா. அன்றிலிருந்து அவன் தூக்கத்தில்கூட முதுகை வளைத்துப் படுக்கிறான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னேனா? தாசொம் தெருமுனைப் பள்ளியில் ஹங்கேரியனில் சண்டை போட்டு ஹங்கேரியனில் அழுதுவிட்டு வருகிறாள், அவளை எதற்கு ஆங்கிலப் பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன், தேஹோ என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கஃபேல நுழைஞ்சதும் நேரா இத வச்சா எப்படி இருக்கும் பாரு, கோப்பையெல்லாம் கண்ணாடிக்குள்ள அடுக்கிடலாம், என்கிறாள் மேடம். ஊர் திரும்பியதும் அவள் ஒரு கஃபே திறக்கப் போகிறாள், அதற்காகத்தான் இத்தனை கோப்பையும். இத எங்க வீட்டுக்குன்னு பாத்தேன் மேடம், என்கிறேன், இன்னும் பணிவாகத்தான், குரலைத் தாழ்த்தித்தான். உங்க வீட்டுக்கா… அவள் சிரிக்கிறாள், சிரிப்பு கெட்டதில்லை, குழந்தை மண்ணை வாயில் போட்டால் சிரிப்பார்களே அந்தச் சிரிப்பு. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, யாரு தூக்குவா, தாசொம் அப்பாவா? அவர் இடுப்பு ஒடிஞ்சா நம்ம கிடங்குல யாரு மூட்டை தூக்கறது? அதோட செத்தவங்க வீட்டு மரச்சாமான், குழந்தை இருக்கற வீட்டுக்குள்ள கொண்டு போவாங்களா, எதெது கூட ஒட்டிக்கிட்டு வருமோ, உன் மாமியார் காதுல விழுந்தா பிளேன் ஏறி வந்துடுவாங்க. கஃபேன்னா பத்து பேரு வந்து போற இடம், ஒண்ணும் தங்காது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு, எனக்கும் கொஞ்சம் உண்டு, பழைய மரம் வீட்டுக்குள் வந்தால் பழைய ஆளும் வருவார் என்று, வந்தால் வரட்டும், வாடகையில் பாதியைக் கொடுக்கட்டும்… வாய் அதற்குள் வேறு ஏதோ சொல்லிவிட்டது. உங்க கையில இருக்கற அந்தக் கோப்பையில வாய் வச்சுக் குடிச்சவங்களும் செத்துத்தானே போயிருப்பாங்க மேடம்.

கேட்டீங்களா தாசொம் அப்பா, என்கிறாள் மேடம், கோப்பையைப் பிடித்திருந்த விரல் லேசாக விலக, நம்ம தாசொம் அம்மா காலேஜ பாதியில விட்டாலும் வாய பாதியில விடல. தேஹோ சிரிக்க வேண்டிய இடம் என்று சிரித்தான். பாதியில் விட்டது உண்மைதான், சியோலில் ஹங்கேரியன் படிக்கப் போய் மூன்றாம் வருடம் எழுந்து வந்தவள், பேராசிரியரின் வீட்டு விருந்துக்குப் பாத்திரம் கழுவக் கூப்பிட்டார்கள், போகவில்லை, அப்புறம் வகுப்புக்கும் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம், இதை அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? டெஜோ ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து கேட்டார், யாருக்குக் கட்டணும், சீமாட்டிக்கா, உங்களுக்கா? என்ன கேக்கறான், என்கிறாள் மேடம். யாருக்குன்னு கேக்கறார் மேடம், என்கிறேன். நம்மதுன்னு சொல்லு. டெஜோ என்னைப் பார்க்கிறார். நம்மதுன்னு சொல்லேன்மா, என்ன யோசன. தேஹோ என்னைப் பார்க்கிறான், தலையை ஒரு நூல் அளவு அசைக்கிறான், சொல்லிடு, சொல்லிடு…

என்னுது, என்றேன்.

டெஜோவிடம் இல்லை. அவளிடம். கொரியனில். அதுகூடப் பரவாயில்லை, அதைப் பணிவாகச் சொல்லியிருக்கலாம், எங்கள் மொழியில் 'நான்' இரண்டு, பெரியவர்களிடம் குனிந்து சொல்கிற நான் ஒன்று, சமமானவர்களிடமும் சின்னவர்களிடமும் சொல்கிற சும்மா நான் ஒன்று, பேசக் கற்ற நாளிலிருந்து தப்பாத விஷயம் அது, குடித்தவன்கூட மாமனாரிடம் இதில் தவறமாட்டான். நான் சும்மா நானைச் சொன்னேன். என்னுது. தெருவில் கோலிகுண்டைப் பிடுங்க வந்தவளிடம் சொல்கிற மாதிரி. பூண்டு தடவிய லாங்கோஷ் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த தாசொம் மெல்லுவதை நிறுத்திவிட்டாள், இதே தப்புக்கு வீட்டில் என்னிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறாள். மேடத்தின் முகத்தில் கோபம் வரவில்லை, அவள் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த ரேடியோ திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

தேஹோ முன்னால் வந்து இடுப்பு வரை குனிந்தான். மன்னிச்சுக்கணும் மேடம், நம்ம வீட்டுக்காரி ராத்திரி முழுக்கக் கண்ணு மூடல, என்ன பேசறோம்ங்கற நினைவே இல்ல. நம்ம வீட்டுக்காரி. எங்கள் ஆண்கள் எல்லாரும் மனைவியை அப்படித்தான் சொல்வார்கள், யாரும் தப்பாக எடுப்பதில்லை, நானும் எடுத்ததில்லை இன்று வரை, எத்தனை பேருக்கு வீட்டுக்காரி நான்? எனக்குத் தூக்கம் வரல, என்றேன். நல்லாத்தான் முழிச்சிருக்கேன். அவன் குனிந்தபடியே இருந்தான், அவன் கழுத்து சிவந்தது. மேடம் கோப்பையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பரவால்ல, பரவால்ல, நைட் ஷிஃப்ட் மனுஷங்கள என்ன பாடு படுத்தும்னு எனக்குத் தெரியாதா, போய்த் தூங்கட்டும், தூங்கி எழுந்து எனக்கு ஒரு போன் பண்ணட்டும், தலைவர்கிட்ட நான் இன்னும் எதுவும் பேசல, திங்கட்கிழமைக்கு நேரம் இருக்கே. என்னிடம் சொல்லவில்லை, அவன் முதுகிடம் சொன்னாள். கார் கதவு மெதுவாகத்தான் மூடியது, பெரிய இடத்துக் கார்கள் அறைந்து மூடுவதில்லை.

டெஜோ கேட்ட விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தேன், அவர் திகைத்துப் போனார், சனிக்கிழமைதோறும் என்னிடம் மல்லுக்கட்டியவர், என்னம்மா உடம்பு சரியில்லையா என்றார். கயிற்றை ஒரு முனையில் நான் பிடித்தேன், மறுமுனையில் தாசொம். தேஹோ வேனின் பின்கதவருகில் நின்றவன் திரும்பி வந்தான், ஆட்கள் இல்லாத இடத்தில் கூப்பிடுகிற பெயரால் கூப்பிட்டான். மிரான். ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த 'நான்' வாய் தவறி வந்துச்சா, வேணும்னு சொன்னியா? நான் கயிற்றை இறுக்கினேன். வாய் தவறிச்சுன்னா சொல்லிடு, நான் போய்ப் பேசிக்கறேன், ஹங்கேரியன் பேசிப் பேசி நாக்கு புரண்டுடுச்சுன்னா எல்லாரும் நம்புவாங்க, அதுல ஒரே 'நான்'தானே. அவன் சொன்னது நியாயம்தான். ராத்திரியெல்லாம் நான் அந்த ஒரே நானைத்தான் சொல்கிறேன், அதுவும் என்னுடையது இல்லை, பிரிவுத் தலைவர் நான் உத்தரவு போடறேன் என்றால் நான் உத்தரவு போடறேன், தொழிலாளி நான் செய்யமாட்டேன் என்றால் அதைக் குனியவைத்து, முடியாத நிலையில் இருக்கிறேன் ஐயா என்று கொரியனில் சொல்வேன், இத்தனை பேருடைய நான்கள் வந்து போகிற வாயில் இன்று வந்தது யாருடையது? எனக்குத் தெரியும். வாய்தான் தவறியது. சத்தியமாக வாய்தான் தவறியது, அது வெளியே வந்து விழுந்த சத்தத்தைக் கேட்டு அவளைவிட நான்தான் முதலில் பயந்தேன்.

வேணும்னுதான் சொன்னேன், என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பொய் என்று கண்டுபிடித்தானா? பத்து வருடம் ஒரே பாயில் படுத்தவன், தெரியாமல் இருக்குமா… ஆனால் சொல்லி முடித்ததும் அது பொய்யாகவும் இல்லை, அதுதான் விசித்திரம், வாயில் தவறிப் பிறந்ததை நான் எடுத்து என் பெயரை வைத்துவிட்டேன், இனி என்னாலேயே திரும்பக் கொடுக்க முடியாது, திங்கட்கிழமை வரட்டும், போகட்டும். தேஹோ போய் வேனுக்குள் ஏறினான். ஏற்கெனவே ஏற்றியிருந்த மேடத்தின் கோப்பைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இடது பக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். அலமாரிக்கு இடம் பண்ணுகிறானா, வழியில் கோப்பை உடையாமலிருக்க ஒழுங்கு பண்ணுகிறானா, நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.