எத்தனை கதவு திறக்கும்

வீடு பார்க்கப் போன இடத்தில் அன்று ஒரு கொலை விழுந்திருக்கும். விழாமல் போனது யாருடைய புத்திசாலித்தனத்தாலும் அல்ல.

அவள் எக்ஸ்ரே டெக்னீஷியன். புது ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கணவன் லிஃப்ட் மெக்கானிக், எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான். எட்டாவது போகும் பெரியவளுக்கும் நான்காவது போகும் சின்னவளுக்கும் நல்ல பள்ளியில் இடம் வாங்கியாகிவிட்டது. வீடு மட்டும்தான் பாக்கி. சனிக்கிழமை காலை நால்வரும் புரோக்கரின் பின்னால் நடந்தார்கள்.

அவர் கூட்டிப்போன தெரு பள்ளியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வீடுகள். வெட்டிவிட்ட செடிகள். தரையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"பெல் அடிச்சப்புறம் கிளம்பினாக்கூட பசங்க க்ளாஸுக்குப் போயிடலாம் மேடம்" என்றார் புரோக்கர். "சத்தமே கிடையாது. ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் மூக்கை நுழைக்க மாட்டாங்க. எல்லாம் படிச்சவங்க."

வீடும் பிடித்துவிட்டது. மகள்கள் இருவரும் உள்ளே நுழைந்த கையோடு ஜன்னல் பக்கம் யாருக்கு என்று சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். அவன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். அவள் சமையலறை அலமாரியைத் திறந்து கரப்பான் இருக்கிறதா என்று குனிந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மேசை நாற்காலி நகர்த்துகிறார்கள் என்று நினைத்தாள். இரண்டாவது சத்தமும் வந்தது. மூன்றாவதில் ஒரு பெண்ணின் குரலும் சேர்ந்து வந்தது.

"வேணாங்க... வேணாங்க..."

புரோக்கர் சட்டென்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். "தண்ணி எப்படிக் கொட்டுது பாருங்க மேடம்!"

அவள் குழாயை மூடினாள். "பக்கத்துல என்ன நடக்குது?"

"அது அவங்க வீட்டு விஷயம் மேடம். எப்பவாச்சும் இப்படித்தான். தானா அடங்கிடும்."

பதினாலு வருடமாக உடைந்த எலும்புகளைப் படம் பிடித்தவள் அவள். மாடிப்படியில் விழுந்தேன், குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொல்லி வந்து நிற்கும் பெண்களை அவளுக்குத் தெரியும். அடி விழும் சத்தத்தை மட்டும் இதுவரை கேட்டதில்லை. ஈரத்துணியைக் கல்லில் அறைவதுபோல இருந்தது.

"என்னங்க" என்றாள். அதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

பக்கத்து வீட்டின் முன்னால், இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து ரத்தம் நூலாகத் தொங்கியது. பின்னாலேயே வந்தவன் இஸ்திரி குலையாத சட்டை போட்டிருந்தான். கையில் ஷட்டர் இழுக்கும் இரும்புக்கம்பி. குனிந்து அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து வாசற்படிமேல் தரதரவென்று இழுத்தான். அவள் தாடை படியில் மோதியது.

மெக்கானிக் சுவரைத் தாண்டிக் குதித்தான். "யோவ், விடுய்யா அவங்களை! செத்துருவாங்கய்யா!"

கம்பிக்காரன் திரும்பினான், வீசினான். மெக்கானிக் கையைத் தூக்கித் தடுத்தான். காய்ந்த குச்சி முறிந்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த வீச்சு தோளில் விழுந்தது, அதற்கடுத்தது காதோரம். மெக்கானிக் உட்கார்ந்த வாக்கில் சரிந்தான். கம்பிக்காரன் இரண்டு கையாலும் கம்பியைத் தலைக்குமேல் தூக்கினான்.

பெரியவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கதவாக உள்ளங்கையால் அறைந்தாள். "அப்பாவை அடிக்கிறாங்க! யாராச்சும் வாங்க!" ஒரு வீட்டில் திரைச்சீலை அசைந்தது. ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. இன்னொரு வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. ஒன்பது கதவு தட்டினாள். ஒன்றும் திறக்கவில்லை.

புரோக்கரைக் காணவில்லை.

சுவர்மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருந்தன. ஒன்றை மண்ணோடு அப்படியே தூக்கிக்கொண்டு மெக்கானிக்கின் மனைவி சுவரேறினாள். எப்படி ஏறினாள் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கம்பி இறங்குவதற்குள் தொட்டி அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. காறை எலும்பு போய்விட்டது என்று கைக்கே தெரிந்தது. கம்பி உருண்டது. அவன் திரும்ப, உடைந்த தொட்டியின் அடிப்பாகத்தால் முகத்தில் அறைந்தாள். மூக்கு நசுங்கி மண்ணும் ரத்தமும் கலந்து வழிந்தது. மல்லாந்து விழுந்தான். இரண்டு கையையும் முகத்துக்குமேல் விரித்து, "வேணாம்மா" என்றான்.

அவள் கம்பியை எடுத்து அவன் முழங்காலில் அடித்தாள்.

போலீஸ் வந்த பிறகுதான் கதவுகள் திறந்தன. தெருச் சங்கத்துச் செயலாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் செருப்பை மாட்டியபடி வந்தார். "இது அமைதியான ஏரியா சார். வெளியாளுங்க வந்து ரகளை பண்ணிட்டாங்க" என்றார்.

திங்கட்கிழமை சேர வேண்டிய ஆஸ்பத்திரிக்கு அவள் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்தாள். கணவனின் முன்கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. காதோரம் ஏழு தையல். அந்தப் பெண்ணின் படத்தையும் டியூட்டியில் இருந்தவர் வெளிச்சப் பலகையில் மாட்டியிருந்தார். புதிய முறிவு இரண்டு. உடைந்து தானாகக் கூடிய பழைய விலா எலும்புகள் ஐந்து.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அந்தப் பெண் அவள் கையைப் பிடித்தாள். "அவர் உசுரோட இருக்காரா?"

"இருக்காரு."

அந்தப் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எந்தப் பதிலை எதிர்பார்த்தாள் என்று தெரியவில்லை. அன்று மாலையே அவளுடைய தங்கை வந்து தன் ஊருக்கு அழைத்துப்போய்விட்டாள்.

வராந்தாவில் சின்னவள் அம்மாவின் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெரியவளின் உள்ளங்கைகள் வீங்கிச் சிவந்திருந்தன.

"அம்மா, அவன்தான் விழுந்துட்டானே. மூணாவது தடவை எதுக்கு அடிச்ச?"

"தெரியல கண்ணு."

"கெஞ்சினான்ல?"

"ஆமா. கேட்டுச்சு."



அடுத்த வாரம் மறுபடி வீடு தேடினார்கள், புரோக்கர் இல்லாமல். ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் அவள் நடுவில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். மூச்சை இழுத்து, "ஐயோ! அடிக்கிறானே! யாராச்சும் வாங்களேன்!" என்று அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

கட்டுப்போட்ட கையோடு மெக்கானிக் விதிர்விதிர்த்துப் போனான். "ஏய், உனக்கு என்ன ஆச்சு?"

அவள் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஜன்னல் திறந்து மூடியது. "வாங்க போலாம்" என்றாள்.

இரண்டாவது தெருவில் ஒருவர் மாடியிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்தார். மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டான். சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மூன்றாவது தெரு பள்ளியிலிருந்து இரண்டு பஸ் தூரம். வாசலுக்கு வாசல் சாக்கடை மூடி உடைந்திருந்தது. லேத் பட்டறை ஒன்று காதைக் கிழித்தது. அந்தச் சத்தத்துக்குமேல் கேட்க வேண்டுமே என்று அவள் இரண்டு மடங்கு கத்தினாள்.

லேத் நின்றது. பட்டறையிலிருந்து மூன்று பேர் ஸ்பேனரோடு ஓடிவந்தார்கள். எதிர்த்த தையல்கடைக்காரி கத்தரிக்கோலோடு படியிறங்கினாள். ஒருத்தி கையெல்லாம் மாவு. ஒருவர் பாதி முகத்தில் சவர நுரை. வந்த வேகத்தில் பட்டறைக்காரர் மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

"பொம்பளை மேல கை வைக்கிறியாடா?"

"ஐயா, கையே ஒடஞ்சு கெடக்கு, பாருங்க!"

"விடுங்கண்ணே, அவரு என் வீட்டுக்காரர்!" அவள் நடுவில் புகுந்தாள். "யாரும் அடிக்கல. வீடு பாக்க வந்தோம்."

தூக்கிய ஸ்பேனர்கள் இறங்கின. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். தையல்கடைக்காரி கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். "வீடு பாக்க வந்தவ இப்படியா அலறுவா? நெஞ்சு வெடிச்சுப் போச்சுடி எனக்கு! பைத்தியமா நீ?"

"ஆமாக்கா" என்றாள் அவள். அப்படியே சாக்கடை மூடிமேல் உட்கார்ந்து, ஒரு வாரமாக வராத அழுகையை அழுதாள். அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். கூட்டத்தில் யாரோ, பட்டறை மாடியில் இரண்டு ரூம் காலியாக இருக்கிறது, ஆனால் தூங்க முடியாது என்றார்கள்.

அந்த மாடிக்குத்தான் குடிபோனார்கள். பிள்ளைகள் விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாறுகிறார்கள். சின்னவள் முதல் வாரம் முழுக்க இரண்டாவது பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். மெக்கானிக்கின் விரல்கள் முழுக்க மடங்குவதில்லை. உயரத்து வேலையை விட்டுவிட்டு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். கம்பிக்காரன் மேல் வழக்கு நடக்கிறது. அவள்மேலும் ஒன்று போட்டிருக்கிறான். விழுந்து கெஞ்சியவனை அடித்தது உண்மையா என்று விசாரணையில் கேட்டார்கள். வக்கீல் சொல்லிக் கொடுத்த பதில் வேறு. பின்வரிசையில் பெரியவள் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள்.

"அடிச்சேன்" என்றாள் அவள்.