ஓர் ஆள் செஸ் கிளப்

1.

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. மெல்பர்னில் நம்மவர்கள் நடத்தும் ஒரு காலாண்டிதழுக்குச் சுபாங்கன் ஆசிரியர். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு நம் வரிப்பணத்தில் அளவுக்கு மேல் சம்பளம் போகிறதா என்று எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்க நியாயமும் வேண்டும், யார் மனமும் புண்படக் கூடாது என்றார். உட்கார்ந்தேன்.

ஆசிரியப் பணி என்பது

அதற்கு மேல் ஓடவில்லை. வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில்தான் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, கட்டுரை எண்டுதானே கேட்டனான்?" என்றார் சுபாங்கன் போனில். "நீங்கள் கதை எழுதுறியள் போல கிடக்கு."

"கட்டுரைதான். நடுவுல ஒரு ஆள் வந்துட்டார்."

"ஆளை அனுப்பிப்போட்டு எழுதுங்கோ."

அவர் போவதாக இல்லை.

2.

பெயர் பார்த்தசாரதி. கணினி வேலை, மெல்பர்னின் கிளென் வேவர்லியில் வீடு. எந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதைப் பார்த்து வீட்டு விலை ஏறும் ஊர் அது. அவர் கொடுத்த விலையில் பாதி செங்கல்லுக்கு, பாதி அந்த எல்லைக் கோட்டுக்கு. அதற்காக மகள் மிருணாளினியை, முன்பு குடியிருந்த டான்டினாங்கின் தோழிகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். ('பிடுங்கி' என்பதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "நல்ல ஸ்கூலுக்கு மாத்தினேன்" என்பார்.)

இவ்வளவு கொடுத்துப் பிடித்த பள்ளியை அவர் நம்பினாரா என்றால், இல்லை. மகள் வாங்கும் மார்க் டியூஷனால் வருவது. பள்ளிக்கூடம் வருகைப்பதிவு எடுக்கும் இடம். ஆசிரியர்களின் கார்கள் மூன்றரை மணிக்கெல்லாம் கிளம்புவதை அவர் பார்த்திருக்கிறார். அவர்களுக்கு விடும் விடுமுறைகளை நினைத்தாலே அவருக்கு வயிறு எரியும். "நம்ம டாக்ஸ்ல நல்லா வாழறாங்க" என்பார்.*

* மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் கஜானாவிலிருந்து போகிறது. பார்த்தசாரதிக்கு இது தெரியும். பேச்சில் சூடு ஏறினால், குப்பை வண்டிக்காக உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் ரேட்ஸையும் டீச்சர் கணக்கில் சேர்த்துவிடுவார்.

பார்த்தசாரதி அடிப்படையில் நல்ல

வேண்டாம். நல்லவரா என்பதை நீங்களே பாருங்கள். எனக்கு அவர்மேல் இன்னும் சந்தேகம் இருக்கிறது.

3.

பள்ளியின் பெற்றோர் குழுவுக்கு அவர் நின்றார், ஜெயித்தார், செலவுகளைப் பார்க்கும் துணைக்குழுவில் இடமும் பிடித்தார். அங்கேதான் மூக்கில் வியர்த்தது. கணக்கு ஆசிரியை மிஸ் ஹாலிஸ் மதிய இடைவேளையில் ஒரு செஸ் கிளப் நடத்துகிறார். அதற்காக அவருக்கு வாரத்தில் ஒரு வகுப்பு குறைவு. கிளப்பில் உறுப்பினர் ஒரே ஒருவர்.

"ஒரே ஒரு பிள்ளை!" என்றார் அன்று சாப்பாட்டு மேசையில். "அதுக்கு ஒரு பீரியட் ஃப்ரீ. யார் வீட்டுக் காசு?"

"அந்தப் பிள்ளை யாருன்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி ஹரிப்பிரியா.

"யாரா இருந்தா என்ன? கேள்வி டீச்சரைப் பத்தி."

மிருணாளினி தட்டைப் பார்த்துக்கொண்டு சாதத்தை ஓரமாக ஒதுக்கினாள்.

"மிரு, நீ லஞ்ச் டைம்ல என்ன பண்ற?"

"ஃப்ரெண்ட்ஸோட சாப்பிடறேன்பா."

"எப்படிப் போகுது?"

"ஃபைன்."

அவருக்குத் திருப்தி. இவர் மிஸ் ஹாலிஸைச் சந்தேகப்பட்ட அளவில் கால்வாசி அந்த 'ஃபைன்' மேல் பட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

4.

ரகசியத்தைக் கடைசிவரை பொத்தி வைத்து வாசகர் தலையில் போடுவது ஒரு வழி. எனக்கு அது பிடிக்காது. நீங்களும் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். அந்த ஒரே உறுப்பினர் மிருணாளினிதான்.

அவள் வந்து சேர்ந்தபோது அந்த வகுப்பில் எல்லோரும் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, தள்ளவில்லை. யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் நூலகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டாள். மிஸ் ஹாலிஸ் அதைப் பார்த்துவிட்டுத் தன் வகுப்பறையைத் திறந்துவிட்டார். மதியத்தில் அறை திறந்திருக்க ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு செஸ் கிளப் என்று பெயர் வைத்தார். சில நாள் ஆடுவார்கள். சில நாள் இவர் தாள் திருத்துவார், அவள் எலுமிச்சை சாதம் சாப்பிடுவாள். அந்தப் பள்ளியில் அவள் பயமில்லாமல் இருந்த ஒரே இடம் அதுதான்.

[நீ ஆசிரியையா என்று கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஆமாம் என்றால் சொந்த ஜாதிக்கு வக்காலத்து என்பீர்கள். இல்லை என்றால் இவளுக்கு என்ன தெரியும் என்பீர்கள்.]

[மிஸ் ஹாலிஸையும் நான் முழுசாக நம்பவில்லை. குறைந்த அந்த ஒரு வகுப்பு அவருக்கும் இனித்திருக்கும். இனிக்கட்டுமே. கதையில் வரும் ஆசிரியைக்கு மட்டும் ஏன் பசி, அசதி இரண்டும் இருக்கக் கூடாது?]

5.

கூட்டம் ஒரு மாலையில் நடந்தது. கிளப்பை நிறுத்தும்படி தலைமையாசிரியருக்குப் பரிந்துரைக்கலாம் என்று பார்த்தசாரதி தீர்மானம் கொண்டுவந்தார். மிஸ் ஹாலிஸைக் கூப்பிட்டிருந்தார்கள். (பேசியது ஆங்கிலத்தில். தமிழ் என்னுடையது, சந்தேகம் உங்களுடையது.)

"ஒரே ஒரு மாணவருக்காகவா?" என்றார் பார்த்தசாரதி.

"ஆமாம்."

"யார் அது?"

"அதைச் சொல்ல முடியாது."

"அப்படித் தனியாக ஒரு குழந்தை இருந்தால் அதன் பெற்றோர் அல்லவா கவனிக்க வேண்டும்? வரி கட்டுகிறவனுக்கு என்ன வந்தது?"

இவர் மிருணாளினியின் அப்பா என்று மிஸ் ஹாலிஸுக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் அவர் வாயை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "பெற்றோருக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை" என்றார்.

பிறகு, அறை உண்மையாகவே பயன்படுகிறது என்று காட்ட, திரையில் ஒரு படம் போட்டார். படத்தில் பிள்ளை இல்லை. பையை நகர்த்திவிட்டு, நோட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எடுத்த படம். பாதியில் நிற்கும் ஓர் ஆட்டம், பக்கத்தில் எவர்சில்வர் டப்பா ஒன்று. அதன் மூடியில் புள்ளி புள்ளியாக ஏதோ வேலைப்பாடு.

வேலைப்பாடு இல்லை. பார்த்தசாரதியின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கியபோது அவர் மாமியார் மாயவரம் கடையில் இருவர் பெயரையும் தமிழில் வெட்டச் சொல்லியிருந்தார். 'ஹரிப்பிரியா – பார்த்தசாரதி.'

அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். தன் பெயரைத் தானே வாசித்தார். மகள்மேல் கோபம் வந்தது, அடுத்த நொடி அது அவமானமாக மாறியது, பிறகு வெறும் பயம்.

[அவ்வளவு தூரத்திலிருந்து மூடியில் இருக்கும் எழுத்து தெரியுமா? தெரியாதுதான். திரையைக் கொஞ்சம் கிட்டே இழுத்துவிட்டேன். புள்ளிகள் எழுத்து என்று மிஸ் ஹாலிஸுக்குத் தெரியாதா, தெரிந்தே வைத்தாரா? கேட்டுப் பார்த்தேன். அவர் எனக்குப் பிடி கொடுக்கவில்லை.]

6.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பார்த்தசாரதி எழுந்து, "அது என் மகள்" என்றார். எல்லோரும் கண்

இந்த வரியைக் கோடு போட்டு நீக்கிவிட்டேன். அவள் ரகசியத்தை ஊர் நடுவில் போட்டு இவர் நல்ல பெயர் வாங்குவதா?

தீர்மானத்தை வாபஸ் வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு, செலவு அப்படியொன்றும்

இதுவும் தேறாது. மகள் என்று தெரிந்ததும் செலவு நியாயமாகிவிட்டது என்றால், அது வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால்?

எதுவும் சொல்லாமல் தன் தீர்மானத்துக்குத் தானே கை தூக்கினார், ஏனென்றால்

இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவர் செய்யக்கூடியவர்தான்.

சுபாங்கன் மறுபடி கூப்பிட்டார். "அக்கா, கடைசியா சம்பளம் கூடவோ குறையவோ?"

"அந்த டப்பாவைப் பார்த்தவர்கிட்டதான் கேக்கணும்."

"ஐயோ, நான் என்னத்தைப் பிரசுரிக்கிறது?"

7.

தலைவர், "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்கிறார். தீர்மானம் கொண்டுவந்தவர் என்பதால் எல்லோரும் பார்த்தசாரதியைத்தான் பார்க்கிறார்கள். படம் இன்னும் திரையில் இருக்கிறது. நீங்களும் வரி கட்டுகிறவர்தானே, அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் எழுந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். கை மேலே போனாலும் மடியிலேயே கிடந்தாலும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். சமையலறையில் அந்த டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். மிருணாளினி தலையைத் தூக்காமல் கேட்பாள், "மீட்டிங் எப்படிப் போச்சுப்பா?"

அவர் பதிலை நீங்கள் எழுதுங்கள். 'ஃபைன்' என்று மட்டும் எழுதாதீர்கள்.